பூனைப் பாட்டு எங்கே இடறுகிறது?

கேள்வி: பூனையைப் பற்றி நகைச்சுவையாக ஓர் அறுசீர் விருத்தம் எழுதினேன். வாய்விட்டுப் படித்தால் எங்கோ இடறுகிறது. நண்பர் முதல் அடியிலேயே தளர்ச்சி என்கிறார். யாப்பையும் (செய்யுள் அமைப்பு) தொடையையும் (எதுகை, மோனை போன்ற ஒலியொற்றுமை) எப்படி ஆராய்வது?

பானைக் குள்ளே தலைவிட்டுப்
பாலைத் தேடும் பூனையிது
ஆனை போலத் தலையாட்டி
ஆட்டி ஆட்டி நடக்கிறது
சேனை வருதே என்றெலிகள்
சிதறி ஓடி ஒளிகின்றன
பானை உடைந்து விழுந்ததுமே
‘பூனை தானா?’ எனச்சிரிக்கும்

பதில்: இரண்டிரண்டு வரிகள் சேர்ந்து ஆறு சீர் கொண்ட ஓர் அடி. சீரை அசைகளாகப் பிரிப்போம்: குறிலோ நெடிலோ தனியாக வந்தால் நேர், குறிலில் தொடங்கி இரண்டு எழுத்து இணைந்தால் நிரை; பின்வரும் மெய் அந்த அசையோடே சேரும். நேரில் முடியும் ஈரசைச் சீர் மா; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. அரையடிதோறும் ‘மா மா காய்’ என்பதே நீங்கள் எடுத்துக்கொண்ட வாய்பாடு. மாச்சீர் தேமாவாகவோ (நேர் நேர்) புளிமாவாகவோ (நிரை நேர்) இருக்கலாம். ஆதலால் ‘சேனை’யை அடுத்து ‘வருதே’ வருவது பிழையன்று.

நண்பர் ஐயுற்ற இடம் ‘பூனையிது’வாக இருக்க வேண்டும். ‘னை’யை நெடிலாகக் கொண்டு பூ/னை/யிது எனப் பிரித்தால் நேர் நேர் நிரை, அதாவது தேமாங்கனி கிடைக்கும். ஆனால் சொல்லின் முதலில் அல்லாத ஐகாரம் குறுகிக் குறில்போல் நிற்கும் என்பதால், பூ/னையி/து எனப் பிரித்துக் கூவிளங்காய் என்று கொள்வதே முறை. முதல் அடியில் குற்றமில்லை.

உண்மையான இடறல் மூன்றாம் அடியின் கடைசிச் சீரில் இருக்கிறது. ஒளி/கின்/றன என்பது நிரை நேர் நிரை, புளிமாங்கனி. மற்ற அரையடிகள் எல்லாம் நேரசையில் முடிந்து குரலுக்கு ஓய்வு தருகையில், இது மட்டும் நிரையில் முடிந்து ஓடுகிறது. ‘ஒளிந்திருக்கும்’ என்று மாற்றினால் ஒளிந்/திருக்/கும் எனக் கருவிளங்காய் ஆகிவிடும். அதோடு ‘சிரிக்கும்’ என்பதோடு இயைபும் (அடியிறுதி ஒலி ஒன்றுவது) சேர்கிறது. முதலிரண்டு அடிகள் ‘து’வில் முடிவதற்கு இது நல்ல இணை.

எதுகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை: நான்கு அடிகளிலும் முதலெழுத்து நெடில், இரண்டாமெழுத்து ‘னை’. மோனை, அதாவது முதலெழுத்தின் ஒலியொற்றுமை, முதல் சீருக்கும் நான்காம் சீருக்கும் இடையே ஓடுகிறது. கடைசி அடியின் பா–பூ மட்டும் வருக்க மோனை (மெய் ஒன்று, உயிர் வேறு) என்ற அளவில் தேறும். ஆயினும் பானை–பூனை என்னும் எதுகை அங்கே உள்ளடியிலும் ஒலிப்பதால், அதைத் திருத்தப் போகாதீர்கள்.

திரும்ப வரும் சொற்களை ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ‘ஆட்டி ஆட்டி’ பிரித்தாலும் பொருள் தருவதால் இரட்டைக்கிளவி அன்று, அடுக்குத்தொடர். முன்னுள்ள ‘தலையாட்டி’யையும் சேர்த்து மூன்று முறை வரும்போது, பானை மாட்டிய தலையின் தள்ளாட்டம் காதிலேயே விழுகிறது. ‘பூனை’ மீண்டும் வருவது வேறு வகை. சொல்லும் பொருளும் மாறாமல் வருவதால் அணிநூலார் இதைச் சொற்பொருள் பின்வருநிலை என்பார்கள். ஆனால் முதல் அடியில் கவிஞர் சொன்ன சொல்லைக் கடைசியில் எலிகள் சொல்வதில்தான் சிரிப்பு இருக்கிறது. பூனைக்கே அஞ்ச வேண்டியவை ‘இது வெறும் பூனைதானே’ என்று ஆறுதல் அடைகின்றன. ‘விழுந்ததுமே’ என்ற காய்ச்சீரில் ஒரு கணம் நிறுத்தி, அடுத்த இரண்டு தேமாக்களையும் வெடுக்கென்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் மாற்ற வேண்டியது ‘ஒளிகின்றன’ என்ற ஒரு சீரை மட்டுமே.