வசனமே எழுதித் தராத நாடகத்தில் என்ன பேசுவது?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். நாடக வகுப்பில் இந்த வருடம் இத்தாலியின் முகமூடி நகைச்சுவை நாடகம் சொல்லித் தருகிறார்கள். எனக்குப் பாந்தலோனே என்ற கஞ்சக் கிழவர் வேடம். வசனம் கிடையாது. கதையை மட்டும் சொல்லிவிட்டு, மேடையில் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்கிறார் சார். முகமூடி இல்லாமல் ஓரளவு பேசிவிடுகிறேன். அதைக் கட்டியதும் இரண்டு வரிக்கு மேல் வாய் வரவில்லை, பேசினாலும் யாரும் சிரிப்பதில்லை. பெண்பிள்ளைக்கு எதற்குக் கிழவன் வேஷம் என்று அப்பாயி வேறு கேட்கிறார். இந்தக் கிழவரை நம்மூர்க்காரராக மாற்றிக்கொள்ளலாமா? நான் மூக்குக் கண்ணாடி போடுபவள். ஆண்டு விழாவில் நடிக்கப்போகிறோம்.

பதில்: அப்பாயியை முதலில் சமாதானப்படுத்திவிடுவோம், அது சுலபம். நீ கற்கும் கொம்மேதியா தெல்லார்த்தே 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வளர்ந்த தொழில்முறை நாடகம். 1545இல் பாதுவா நகரில் எட்டு நடிகர்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஊர் ஊராக நடித்து வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்வதாக எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. அந்த எட்டுப் பேரும் ஆண்கள். ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெண்கள் மேடையேறிப் பெயரும் வாங்கிவிட்டார்கள். இசபெல்லா ஆந்திரேயினி (1562–1604) காதலி வேடத்தில் புகழ்பெற்றவர், கவிஞரும்கூட. இங்கிலாந்தில் அதே காலத்தில் பெண் வேடத்தைப் பையன்கள்தான் கட்டினார்கள். உங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் மெலட்டூர் பாகவத மேளாவில், மரபுப்படி பிரகலாதனின் தாய் லீலாவதியாக வருவதும் ஓர் ஆண்தானே. அதை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. ஆண் பெண்ணாகலாம் என்றால் பேத்தி தாத்தாவாகலாம். அப்பாயியிடம் சொல்லிப் பாரும்மா.

இனி உன் சிக்கல். மேடையில் நிற்கும் அந்த நொடியில் புதிதாக ஏதாவது தோன்ற வேண்டும், அதைப் பேச வேண்டும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வாய் அடைப்பது அதனால்தான். அந்த இத்தாலிய நடிகர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரே வேடத்தை வருடக்கணக்காகப் போட்டவர்கள் அவர்கள். கிழவர் வேடக்காரர் மகனைத் திட்ட ஒரு பேச்சு, மகளுக்குப் புத்தி சொல்ல ஒரு பேச்சு, உலகம் கெட்டுப்போனதற்கு ஒரு புலம்பல் என்று நோட்டில் எழுதி மனப்பாடமாக வைத்திருந்தார். எந்த இடத்தில் எதை எடுத்துவிடுவது என்பதைத்தான் மேடையில் முடிவு செய்தார். பார்ப்பவர்களுக்கு அது அப்போதே பிறந்த பேச்சாகத் தெரிந்தது.

நம்மிடமும் இது இருக்கிறது. பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பாய். வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊர், முருகன் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். தனித்தனியாகத் தேதி கொடுத்து அன்றைக்கு ராத்திரிதான் ஒன்றாகச் சேர்கிறார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. ஆனாலும் விடியவிடிய நாடகம் நடக்கிறது. கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டும் தெரியும், பபூனிடம் பத்து ஊரில் சிரிப்பு வாங்கிய சரக்கு இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து அதில் எது செல்லும் என்று எடுக்கிறார். உன் சார் கேட்பதும் இதைத்தான். முடிந்தால் நல்ல பபூன் ஒருவரின் ஆட்டத்தைக் கண் கொட்டாமல் பார். சினிமா காமெடி பார்ப்பதைவிட அது உனக்கு உதவும்.

ஆகவே முதல் வேலை, சரக்குச் சேர்ப்பது. இத்தாலியர்கள் லாட்சி என்று சொன்ன சின்னச் சின்னக் கோமாளி வேலைகள். பசித்த வேலைக்காரன் ஆர்லெக்கீனோ ஓர் ஈயைத் துரத்திப் பிடித்து, இறக்கையைப் பிய்த்துவிட்டு ருசித்துத் தின்பது அவற்றில் பெயர்பெற்றது. கிழவருக்கு நீயே செய். இடுப்பில் செருகிய சுருக்குப்பையைத் தொட்டுப் பார்ப்பது. ஒரு டிகிரி காபி வாங்கி மூன்று டம்ளரில் ஊற்றச் சொல்வது. பணம் எண்ணும்போது யாராவது பேசினால் எண்ணிக்கை தவறி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது. இந்த மூன்றாவதை நன்றாகப் பழகு. வேலைக்காரன் முதலில் குறுக்கிட்டதும் கோபப்பட்டு மறுபடி எண்ணுகிறாய். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே நீ பயந்துபோய் "ஒண்ணு" என்கிறாய். சிரிப்பு அங்கேதான் வரும், முதல் இரண்டு தடவை வராது. அதற்காக அவற்றைச் சுருக்கிவிடாதே. எந்த வேலையும் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கதைக்குத் திரும்ப ஒரு வரியைத் தோழர்களோடு முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள். "சரி, வந்த விஷயத்தைச் சொல்லு" என்று நீ சொன்னால் ஆட்டம் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

அடுத்து, கதைக் குறிப்பு. ஃபிளமீனியோ ஸ்கலா என்ற நடிகர் 1611இல் 50 குறிப்புகளை அச்சிட்டார். அவற்றில் வசனம் எழுதியிருக்காது. யார் வருகிறார், என்ன செய்கிறார், எப்போது போகிறார், அவ்வளவுதான். அந்த மாதிரித் தாளை மேடைக்குப் பின்னால் மாட்டிவைத்து, உள்ளே நுழைவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். நீங்களும் ஒரு சார்ட் பேப்பரில் கொட்டை எழுத்தில் எழுதித் திரைக்குப் பின்னால் ஒட்டுங்கள். மாதிரிக்கு ஒன்று:

கிழவர் பணம் எண்ணியபடி வருகிறார். வேலைக்காரன் மூன்று மாதச் சம்பளம் கேட்கிறான். கிழவருக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. வேறொருவனைக் காதலிக்கும் மகள் ஓடிவந்து, பக்கத்துத் தெரு டாக்டர் தன்னைப் பெண் கேட்டு வருகிறார் என்று அழுகிறாள். காது கேட்கவில்லை. வரதட்சணை வேண்டாமாம் என்று வேலைக்காரன் முணுமுணுக்கிறான். உடனே காது கேட்கிறது. கிழவர் டாக்டரை வரவேற்க ஓடுகிறார். மகளும் வேலைக்காரனும் சதி செய்கிறார்கள்.

இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை இருப்பதைக் கவனி. அவனுக்குச் சம்பளம், அவளுக்குக் காதலன், உனக்குச் செலவில்லாத கல்யாணம். வாய் அடைத்துப்போனால் "என்ன பேசலாம்" என்று தேடாதே, "எனக்கு இப்போது என்ன வேண்டும்" என்று கேட்டுக்கொள். அதுவும் கைகொடுக்கவில்லையென்றால் எதிராளி கடைசியாகச் சொன்ன சொல்லைக் கேள்வியாகத் திருப்பிச் சொல். "சம்பளமா?" போதும். அவன் அடுத்ததைச் சொல்லியே ஆக வேண்டும், உனக்கு மூச்சு கிடைத்துவிடும்.

எதிராளி சொன்னதை மறுப்பது இந்த நாடகத்தில் பெரிய பாவம். வேலைக்காரன் வந்து, "ஐயா, உங்க தங்கச்சி வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வந்திருக்கார்" என்கிறான். "எனக்குத் தங்கச்சியே கிடையாதே" என்றாயானால் காட்சி அங்கேயே செத்துவிடும். அவன் அடுத்து என்ன சொல்வான், பாவம். இப்படிப் போகட்டும்:

"வந்துட்டாரா? இலையைச் சின்னதா நறுக்கு."

"நறுக்கிட்டேன்யா. அஞ்சு பேரோட வந்திருக்கார்."

"அப்ப அந்த இலையையே அஞ்சா நறுக்கு."

"அஞ்சு பேரும் உங்களைப் பார்க்கணுமாம்யா."

"நான் விரதம்னு சொல்லு. அவங்களும் விரதம்னு சொல்லு."

இதில் பெரிய நகைச்சுவை அறிவு எதுவுமில்லை. அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கிழவரின் கஞ்சத்தனத்தில் ஒரு படி ஏற்றுகிறாய். நீயாக ஒரு ஜோக் யோசித்துக்கொண்டு போனால் எதிராளி பேசுவது உன் காதில் விழாது. முதல் நாள் ஒத்திகையில் எல்லாரும் அதிகமாகப் பேசுவார்கள். ஒருவர் ஒரு வரிக்கு மேல் பேசக்கூடாது என்று சாரை ஒரு சட்டம் போடச் சொல். காட்சி உடனே மாறும்.

முகமூடி போட்டதும் ஏன் சிரிப்பு வரவில்லை என்றால், நீ இன்னும் முகத்தால் நடித்துக்கொண்டிருக்கிறாய். புருவம், கன்னம் எல்லாம் உள்ளே போய்விட்டன. வெளியே இருப்பது வாயும் தாடையும் அந்தப் பெரிய மூக்கும்தான். இனி பார்வை என்றால் மூக்கு. எங்கே மூக்கு திரும்புகிறதோ அங்கேதான் பார்வையாளர்கள் பார்ப்பார்கள். ஒரு செய்தி கேட்டால் மூக்கை எதிராளியிடமிருந்து வெடுக்கென்று கூட்டத்தின் பக்கம் திருப்பு, ஒரு நொடி நில், பிறகு திரும்பிப் பதில் சொல். அந்த ஒரு நொடியில் கிழவரின் மனசுக்குள் நடப்பது கூட்டத்துக்குப் புரிந்துவிடும். மெதுவாக, மழுப்பலாகத் தலையை ஆட்டினால் எதுவும் எடுபடாது. தலையைக் குனிந்தால் நெற்றி மட்டும் தெரியும். முகமூடியை மேடையில் கையால் தொடவே தொடாதே. தொட்ட மாத்திரத்தில் கிழவர் மறைந்து, அட்டையைக் கட்டிய பிளஸ் ஒன் பிள்ளைதான் தெரிவாள்.

மிச்சமெல்லாம் உடம்பு. பாந்தலோனே வெனிஸ் நகரத்து வியாபாரி. முதுகு வளைந்து, முழங்கால் மடங்கி, குதிகால்கள் ஒட்டி, கழுத்து மட்டும் முன்னால் நீட்டியபடி குட்டிக் குட்டி அடியாக ஓடுவார். கை எப்போதும் பைக்குப் பக்கத்தில். பணம் என்ற சத்தம் கேட்டால் முதுகு நிமிரும், செலவு என்றால் மறுபடி வளையும். பேச்சே இல்லாமல் இந்த நடையோடு வகுப்பைச் சுற்று. நடை வந்துவிட்டால் குரல் தானாக வரும் என்பது என் அனுபவம், நடை வராமல் குரலை மட்டும் கிழமாக்கினால் கேட்கச் சகிக்காது. ஃபெருச்சோ சொலேரி என்ற இத்தாலிய நடிகர் ஆர்லெக்கீனோ வேடத்தை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் போட்டார். எண்பதைத் தாண்டிய பிறகும் மேடையில் இளைஞனாகத் துள்ளினார். வயதைக் காட்டுவது உடம்புதான் என்பதால் பதினாறு வயதில் நீ எழுபதாவதும் நடக்கக்கூடியதே.

கிழவரை நம்மூருக்குக் கூட்டிவரலாமா? தாராளமாக. அந்த நாடகத்திலேயே ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊர்ப் பேச்சுப் பேசினார்கள். கிழவர் வெனிஸ் பேச்சு, டாக்டர் பொலோனியா பேச்சில் அரைகுறை லத்தீன், வேலைக்காரர்கள் பெர்காமோ மலைக்காட்டுப் பேச்சு. உன் கிழவர் ரைஸ்மில் முதலாளியாகட்டும், குறுவை அறுவடை முடிந்து மூட்டை எண்ணட்டும், நெல் ஈரம் என்று விலையைக் குறைக்கட்டும். டாக்டர் செந்தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து விளாசட்டும். வீட்டில் பேசும் தமிழே பேசுங்கள். ஆனால் ஓர் ஊர்க்காரரின் பேச்சு வழக்கையே கேலிப் பொருளாக்குவது, சாதி தெரியும்படி பெயர் வைப்பது, பள்ளியில் இருக்கும் ஒருவரைச் சாடையாகக் காட்டுவது, இதெல்லாம் வேண்டாம். இந்த நாடகத்தில் அடி வாங்குவது பணக்காரரின் பேராசையும் படித்தவரின் வீம்பும். அந்தத் திசையை மாற்றாதே. வகுப்பில் மதிப்பெண்ணுக்காகச் செய்யும்போது இத்தாலியப் பெயரே இருக்கட்டும், ஆண்டு விழாவுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று சாரிடம் கேட்டுவிடு.

உடையில் ஒரு சின்ன எச்சரிக்கை. பாந்தலோனேவுக்குச் சிவப்பு உடையும் மேலே கறுப்பு அங்கியும்தான் வழக்கம். சிவப்பு வேட்டி, கறுப்புச் சால்வை என்று நீ கிளம்பினால் நம்மூரில் முதல் வரிசையில் இருப்பவர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். வெள்ளை வேட்டி, சிவப்புத் துண்டோடு நிறுத்திக்கொள்.

முகமூடி வகுப்பிலேயே செய்வதாக இருந்தால்: இத்தாலியில் மரஅச்சின் மேல் தோலை அடித்துச் செய்வார்கள். நமக்குக் களிமண் அச்சும் செய்தித்தாளும் மைதாப் பசையும் போதும். முதல் அடுக்கைப் பசையில்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்து ஒட்டினால் பிறகு அச்சிலிருந்து சுலபமாகக் கழலும். மேலே ஆறேழு அடுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒவ்வோர் அடுக்கும் காயாமல் அடுத்ததை ஒட்டினால் பூசணம் பிடித்து நாறும், ஃபேனுக்குக் கீழே வைத்துக் காயவிடுங்கள். மேலுதட்டோடு வெட்டி நிறுத்த வேண்டும், வாய் முழுக்க வெளியே இருக்கட்டும். வெள்ளை அடிக்காதீர்கள். கரும்பழுப்பு நிறம்தான் மேடை வெளிச்சத்தில் நிழலைக் காட்டும், பழைய தோல் முகமூடிகளும் அந்த நிறமே. மெலட்டூரில் நரசிம்மர் முகமூடியைக் கோயிலில் வைத்துப் பூஜிக்கிறார்கள், அதை அணிபவர் விரதம் இருக்கிறார். அதைப் பார்த்து அச்செடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால் விட்டுவிடச் சொல். அதற்கும் வகுப்பறை விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை.

கண்ணாடிக்கு: முகமூடிக்குள்ளே அது நிற்காது, வெளியே போட்டால் வேடம் கெடும். கண் ஓட்டைகளைச் சற்றுப் பெரிதாக வெட்டச் சொல். நெற்றிப் பக்கம் உள்ளே பஞ்சுத் துணிப் பட்டை ஒன்றை ஒட்டினால் வியர்வை கண்ணில் இறங்காது, முகமூடியும் நழுவாது. மேடை விளிம்பில் அகலமான வெள்ளை டேப் ஒட்டி, கண்ணாடி இல்லாமல் அது தெரிகிறதா என்று ஒத்திகையிலேயே பார்த்துவிடு. படிக்கட்டு இருக்கும் பக்கமாக நீ நுழையாதபடி காட்சியை மாற்றிக்கொள்ளுங்கள். பார்வைக் குறைவு அதிகமென்றால் வேலைக்காரனே உன் கையைப் பிடித்து அழைத்து வரட்டும். விழுந்தால் வைத்தியச் செலவு ஆகுமே என்று கிழவர் பயப்படுவதாக அதையும் ஒரு வேடிக்கையாக்கிவிடலாம்.