எந்த வருஷத்து அலி, எந்த வருஷத்து டைசன்? குத்துச்சண்டை கேள்வி – பதில்

வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களை எப்படி ஒப்பிடுவது என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இந்த இதழில்.

கே: முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார்? எங்கள் டீக்கடையில் பல வருஷமாக முடியாத பஞ்சாயத்து இது.
– வாசகர், பெரம்பூர்

ப: எந்த அலி, எந்த டைசன் என்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள். பாதிப் பஞ்சாயத்து அங்கேயே தீர்ந்துவிடும். ஒருவர் 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலியை நினைத்துப் பேசுவார். எதிரில் இருப்பவர் 1975-இல் மணிலாவில் ஜோ ஃப்ரேஸியருடன் மோதிய அலியை நினைத்து மறுப்பார். இரண்டுக்கும் நடுவே ஒன்பது வருஷம். அதில் மூன்றரை வருஷம் உரிமம் பறிபோய் அவர் ரிங் ஏறவே இல்லை. டைசன் கதையும் அதேதான். 1988 ஜூன் 27 அன்று மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் சாய்த்தவரையும், 2002-இல் மெம்ஃபிஸில் லெனாக்ஸ் லூயிஸிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்தவரையும் ஒரே ஆளாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இருவரையும் உச்சத்திலேயே எடுத்துக்கொள்வோம். அலி 191 செ.மீ. உயரம், 198 செ.மீ. ரீச் (விரித்த இரு கைகளின் நீளம்), சுமார் 96 கிலோ. டைசன் 178 செ.மீ. உயரம், 180 செ.மீ. ரீச், சுமார் 99 கிலோ. தூரத்தில் நின்றால் டைசனால் அலியைத் தொடவே முடியாது. ஒவ்வொரு அடிக்கும் தலையை இடவலமாக ஆட்டி, ஜாபுக்கு (முன் கையால் நேராகப் போடும் குத்து) அடியில் நுழைந்து, விலாவில் ஒன்றும் தாடையில் ஒன்றுமாக ஹூக் (கையை மடக்கி வளைத்துப் போடும் குத்து) போடுவதுதான் அவருடைய வழி. அலியிடம் அதற்கு ஏற்ற ஓட்டையும் இருக்கிறது. குத்து வரும்போது கையைத் தாழ்வாக வைத்துக்கொண்டு தலையை நேராகப் பின்னால் இழுப்பார். இடது ஹூக் வளைந்து வந்து அங்கேதான் பிடிக்கும். 1963-இல் ஹென்றி கூப்பர் நாலாவது ரவுண்டில் அலியை அப்படித்தான் கீழே தள்ளினார். 1971 மார்ச் 8 அன்று ஜோ ஃப்ரேஸியர் பதினைந்தாவது ரவுண்டில் வீழ்த்தியதும் அதே இடது ஹூக்கால்தான்.

ஆகவே முதல் நாலு ரவுண்டு டைசனுக்குச் சாதகம். அதற்குப் பிறகு? ஐந்து, ஆறு ரவுண்டு தாண்டினால் டைசனின் தலையாட்டம் குறையும், ஒவ்வொரு குத்தாகப் பிரித்துப் போட ஆரம்பிப்பார். 1987-இல் ஜேம்ஸ் ஸ்மித் பன்னிரண்டு ரவுண்டும் கட்டிப் பிடித்தே அவரை முடக்கினார், தோற்றாலும் விழவில்லை. அந்த வித்தையில் அலி ஸ்மித்தைவிடப் பெரிய கை. 1974 ஜனவரியில் ஃப்ரேஸியருடன் நடந்த இரண்டாவது சண்டையில் கழுத்தின் பின்னால் கையைப் போட்டு அழுத்தியே பல தாக்குதல்களை அணைத்தார். ரெஃப்ரி கண்டுகொள்ளாமல் விட்டால் 1966 அலி பத்தாவது ரவுண்டுக்கு மேல் டைசனை நிறுத்திவிடுவார். ஓய்விலிருந்து திரும்பி, கால் கனத்துப்போன 1971 மார்ச் அலி என்றால் என் பணம் டைசன் மேல்.

கே: ராக்கி மார்சியானோ 49-க்கு 49 ஜெயித்தவர். தோல்வியே இல்லாதவரை நம்பர் ஒன் என்று சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?
– வாசகர், ராயபுரம்

ப: 49 வெற்றி, அதில் 43 நாக்-அவுட் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா சண்டையைப் பாருங்கள். சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு வயது 38. முதல் ரவுண்டிலேயே மார்சியானோவைக் கீழே தள்ளினார். பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் கார்டிலும் (மதிப்பெண் அட்டை) வால்காட்தான் முன்னால். பதின்மூன்றாவது ரவுண்டில் ஒரு குட்டையான வலது கை. வால்காட் கயிற்றில் சரிந்தார். இன்றைய பட்டச் சண்டைக்குப் பன்னிரண்டே ரவுண்டு. இன்றைய விதியில் அந்த இரவு பெல்ட் வால்காட்டிடமே இருந்திருக்கும். 49-0 என்ற எண்ணே பிறந்திருக்காது.

ஜோ லூயிஸும் இப்படித் தப்பியவர்தான். 1941 ஜூன் 18 அன்று பில்லி கான் பன்னிரண்டு ரவுண்டு முடிவில் இரண்டு கார்டில் முன்னால், ஒன்றில் சமம். பதின்மூன்றாவது ரவுண்டு முடிய இரண்டு வினாடி இருக்கும்போது லூயிஸ் நாக்-அவுட் செய்தார்.

அதற்காக இந்த வெற்றிகளைக் கழித்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பதினைந்து ரவுண்டு என்று தெரிந்து ஓடுகிறவன் மூச்சைப் பதினைந்துக்குப் பங்கிடுவான். பன்னிரண்டு என்றால் மார்சியானோ எட்டாவது ரவுண்டிலேயே கூடுதலாக அழுத்தியிருப்பார். 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்த பிறகுதான் உலக அமைப்புகள் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டுக்கு இறங்கின. அதற்கு முந்தைய சண்டைகளைப் பார்க்கும்போது பன்னிரண்டாவது ரவுண்டு முடிவில் கார்டு என்ன சொன்னது என்று தனியே குறித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இன்னொன்று, எதிராளிகளின் வயது. மார்சியானோ ஜெயித்தபோது லூயிஸுக்கு 37, வால்காட்டுக்கு 38. எஸார்ட் சார்ல்ஸ் உச்சம் தாண்டியவர். ஆர்ச்சி மூர் ஒரு எடைப் பிரிவு கீழே இருந்த சாம்பியன். 1954-இல் சார்ல்ஸுடன் நடந்த மறு மோதலில் மார்சியானோவின் மூக்கு பிளந்துவிட்டது. எட்டாவது ரவுண்டில் நாக்-அவுட் செய்து தப்பினார். இன்றைய ரிங் டாக்டர் அவ்வளவு நேரம் விட்டிருப்பாரா என்பது என் சந்தேகம். முதல் பத்தில் கட்டாயம் வருவார். முதலிடம் தர மாட்டேன்.

கே: பழைய சாம்பியன்கள் 85, 90 கிலோ ஆட்கள். இன்றைக்கு டைசன் ஃப்யூரி மாதிரி 206 செ.மீ. மலை முன்னால் நிற்க முடியுமா?
– வாசகி, அண்ணா நகர்

ப: எடை மட்டும் ஜெயிக்க வைக்காது. 1919 ஜூலை 4 அன்று டொலிடோவில் 85 கிலோ ஜாக் டெம்ப்சி, 111 கிலோ ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்தினார். 1935-இல் ஜோ லூயிஸ் 89 கிலோவில் 118 கிலோ பிரிமோ கார்னெராவை ஆறு ரவுண்டில் முடித்தார். ஆனால் இதை வைத்து ஃப்யூரி கதையும் அவ்வளவுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். வில்லார்டுக்கு அப்போது வயது 37, நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பட்டத்தைக் காக்க ரிங் ஏறியிருந்தார். டெம்ப்சியோ அவர் பக்கத்திலேயே நின்று, எழ எழ அடித்தார். விழுந்தவனை விட்டு எதிர் மூலைக்குப் போய் நிற்க வேண்டும், எழுந்தவனுக்கு எட்டு வரை எண்ண வேண்டும் என்ற இன்றைய ஏற்பாடு இருந்திருந்தால் வில்லார்டுக்கு ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்க நேரம் கிடைத்திருக்கும். 1927-இல் சிகாகோவில் அந்த மூலைக்குப் போகத் தாமதித்ததால்தான் டெம்ப்சி, ஜீன் டன்னியை எழ விட்டார்.

அந்தக் காலத்து ராட்சசர்களுக்கும் இப்போதைய ராட்சசர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பயிற்சி. லெனாக்ஸ் லூயிஸ் 1988 சியோல் ஒலிம்பிக் தங்கம், விளாடிமிர் கிளிச்கோ 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தங்கம். நீளக் கையால் ஜாப் போடவும், ஆள் உள்ளே வந்தால் மேலே சாய்ந்து எடையை இறக்கவும் இவர்களுக்குத் தெரியும். 2020 பிப்ரவரியில் 124 கிலோ ஃப்யூரி, 105 கிலோ டியான்டே வைல்டர் மேல் சாய்ந்து சாய்ந்தே காலை ஓய வைத்தார். 90 கிலோ ஆளுக்கு அந்தச் சுமை இன்னும் மோசம்.

இன்னொரு விஷயம்: 90.7 கிலோவுக்குக் கீழே இப்போது குரூஸர்வெயிட் என்று தனிப் பிரிவே உண்டு. டெம்ப்சியும் மார்சியானோவும் இன்று பிறந்திருந்தால் அங்கேதான் தொடங்கியிருப்பார்கள். மேலே ஏறும்போது ஐந்து முதல் எட்டு கிலோ வரை கூட்டிக் கொடுக்கலாம். ஹோலிஃபீல்ட் அப்படித்தான் ஏறினார். அதற்கு மேல் கூட்டினால் காலின் வேகம் போய்விடும், பிறகு அவர் டெம்ப்சியாகவே இருக்க மாட்டார்.

ரீச் பற்றி ஒரு குறிப்பு. அது ஒரு கையின் நீளம் அல்ல. முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று, இரு கையையும் தோள் உயரத்தில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளப்பது. தோள் அகலமும் அதில் சேரும். ஆகவே பத்து செ.மீ. ரீச் வித்தியாசம் என்றால் ஜாபில் அதிகபட்சம் ஐந்துதான் கிடைக்கும்.

கே: பழைய படங்களில் டெம்ப்சி மின்னல் மாதிரி அடிக்கிறாரே, உண்மையிலேயே அவ்வளவு வேகமா?
– வாசகர், அடையாறு

ப: படத்தின் வேகம்தான் அது. கையால் சுற்றிய கேமராவில் வினாடிக்குச் சுமார் 16 சட்டம் (ஃபிரேம்) பதிவானதை 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் எல்லாமே ஒன்றரை மடங்கு. சோதிக்க எளிய வழி: ரவுண்டு தொடங்கும் மணியிலிருந்து முடியும் மணி வரை போனில் நேரம் பாருங்கள். மூன்று நிமிட ரவுண்டு இரண்டு நிமிடத்தில் முடிந்தால் படம் ஒன்றரை மடங்கு வேகம், யூடியூபில் 0.75-க்கு இறக்கினால் ஓரளவு சரியாகும். நடுவில் வெட்டிய படத்தில் இந்தக் கணக்கு உதவாது. அப்போது ரிங்கைச் சுற்றி நடக்கிறவர்களின் நடையைக் கவனியுங்கள். அவர்கள் குடுகுடுவென்று ஓடினால் குத்தின் வேகத்தையும் நம்பாதீர்கள்.

கே: நாங்கள் கல்லூரியில் சாம்பியன்களை வரிசைப்படுத்தப் போகிறோம். நாக்-அவுட் சதவீதத்தை வைத்து மதிப்பெண் போடலாமா?
– மாணவர், தாம்பரம்

ப: வேண்டாம். கைவிடப்பட வேண்டிய முதல் எண்ணே அதுதான். அலியைச் சந்திக்கும் முன் ஜார்ஜ் ஃபோர்மன் 40-0, நாக்-அவுட் 37. ஃப்யூரியை முதல் தடவை சந்திக்கும் முன் டியான்டே வைல்டர் 40-0, நாக்-அவுட் 39. தாளில் வைல்டர் மேல். ஆனால் ஃபோர்மனின் பட்டியலில் 1973-இல் ஆறு முறை வீழ்த்தி இரண்டே ரவுண்டில் முடித்த ஃப்ரேஸியர் இருக்கிறார். 1974-இல் கராகஸில் இரண்டு ரவுண்டில் போன கென் நார்ட்டன் இருக்கிறார். வைல்டர் பட்டியலில் அந்தத் தரத்தில் இரண்டு பேர் தேறமாட்டார்கள்.

ஒவ்வொரு சாம்பியனுக்கும் அவர் வென்ற சிறந்த ஐந்து எதிராளிகளை மட்டும் எடுங்கள். அந்த இரவில் எதிராளியின் வயது, எடை, அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் அவர் யாரை ஜெயித்தார் என்று மூன்று கட்டம் போதும். 35 தாண்டியவருக்குப் பாதி மதிப்பெண். பிறகு தோல்விகளுக்கு வாருங்கள்: யாரிடம், எந்த வயதில், மறு மோதலில் திருத்திக்கொண்டாரா? லெனாக்ஸ் லூயிஸ் தன்னை வீழ்த்திய மெக்காலையும் ரஹ்மானையும் திரும்ப வென்றார். 1936-இல் ஜாப் போட்டு இடது கையைத் தாழ விட்டதற்கு மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் அடி வாங்கிய ஜோ லூயிஸ், 1938-இல் 124 வினாடியில் கணக்குத் தீர்த்தார். இதற்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு.

பட்டத்தைக் காத்த தடவைகளை அப்படியே எண்ணாதீர்கள். ஜோ லூயிஸின் 25-இல் ஏழு 1941 என்ற ஒரே வருஷத்தில் நடந்தவை. எல்லாரும் பெரிய ஆள் இல்லை. அதே சமயம் மாதாமாதம் ரிங் ஏறிய உடம்புக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை ஏறும் இன்றைய உடம்பு ஈடாகாது என்பதும் உண்மை.

காலத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். டெம்ப்சி பட்டத்தோடு இருந்தபோது கறுப்பின வீரர் ஹாரி வில்ஸுக்குக் கடைசி வரை வாய்ப்பு கிடைக்கவில்லை. அலி காலத்தில் கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 76, 80 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியும் தொழில்முறைக்கு வரவில்லை. சோவியத் வீரர்களுக்கும் 1980-களின் இறுதி வரை கதவு அடைத்திருந்தது. யாரை ஜெயித்தார் என்பதோடு, அந்தக் காலத்தில் யாரெல்லாம் எதிரே வராமல் போனார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

கே: கம்ப்யூட்டரிடம் விட்டால் தீராதா?
– வாசகர், வேளச்சேரி

ப: விட்டுப் பார்த்தார்கள். 1967-இல் அமெரிக்க வானொலியில் கம்ப்யூட்டர் போட்டி நடத்தி மார்சியானோவை முதலிடத்தில் நிறுத்தினார்கள். அலி ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக அறிவித்ததில் அலி வழக்கே போட்டார். பிறகு 1969-இல் அலியையும் மார்சியானோவையும் நேரில் நிறுத்தி, ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்கு மேல் படம் பிடித்தார்கள். மார்சியானோ உடம்பைக் குறைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். முடிவுகளும் பல விதமாகவே எடுக்கப்பட்டன. 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் ஜெயித்தவர் அலி! மார்சியானோ அதைப் பார்க்கவில்லை. 1969 ஆகஸ்டிலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார்.

கே: அலி மெட்ராஸ் வந்தாராமே?
– வாசகர், புரசைவாக்கம்

ப: ஆம், 1980-இல். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆருடன் எடுத்த படம் இன்றும் சுற்றுகிறது. ஆனால் அதை வைத்து எடை போடாதீர்கள்: வயது 38, ஓய்வு பெற்றிருந்த சமயம். அதே வருஷம் அக்டோபரில் திரும்ப வந்து லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கினார்; மூலையிலிருந்தவர்களே நிறுத்தினார்கள்.

கே: கிளவுஸ் மாறியது எவ்வளவு தூரம் முக்கியம்?
– வாசகர், வியாசர்பாடி

ப: நிறைய. டெம்ப்சி, ஜோ லூயிஸ் காலத்தில் 5, 6 அவுன்ஸ். அலி காலத்தில் 8. இன்று ஹெவிவெயிட்டுக்கு 10, அதாவது சுமார் 283 கிராம். சின்ன கிளவுஸில் குத்து ஒரே இடத்தில் இறங்கும், தோல் கிழியும். அடிப்பவனின் கையும் சீக்கிரம் உடையும். குதிரை முடி அடைத்ததில் அடிக்க அடிக்க முடி விலகி முட்டி தெரியும். நுரை அடைத்தது அப்படி விலகாது. 10 அவுன்ஸில் இரண்டு கையையும் கன்னத்தோடு ஒட்டினால் முகமே மறையும். 6 அவுன்ஸில் குத்து நடுவே புகுந்துவிடும். அதனால்தான் பழைய ஆட்கள் கையால் மறைப்பதைவிடத் தட்டிவிடுவதிலும் தலையை நகர்த்துவதிலும் கெட்டி.

கே: உக்ரைன் வீரர் உசிக்கை எந்த இடத்தில் வைப்பீர்கள்?
– வாசகி, கொளத்தூர்

ப: அலியின் அதே 191 செ.மீ., அதே 198 செ.மீ. ரீச், இடது கை ஆட்டக்காரர். 2024 டிசம்பரில் 102 கிலோவில் 127 கிலோ ஃப்யூரியை மூன்று கார்டிலும் 116-112 என ஜெயித்தார். 2025 ஜூலையில் டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் முடித்தார். நீண்ட ஆட்சிக்கு ஜோ லூயிஸ், எதிராளிகளின் தரத்துக்கு அலி; இந்த இரண்டு நாற்காலியையும் அவருக்குத் தர மாட்டேன். ஆனால் இன்றைய விதியில், 10 அவுன்ஸ் கிளவுஸில், பன்னிரண்டு ரவுண்டுக்கு 1966 அலி எதிரே யாரை நிறுத்தினால் ஆட்டம் கடைசி மணி வரை போகும் என்று கேட்டால் உசிக் பெயரைத்தான் முதலில் எழுதுவேன். அலி தன் உச்சத்தில் நல்ல இடது கை ஆட்டக்காரரை அதிகம் பார்த்ததில்லை.