ஆண் குணம், பெண் குணம் என்பதெல்லாம் பிறவியிலேயே வருவதா?

எனக்கு இரட்டைக் குழந்தைகள். ஒரு பையன், ஒரு பெண். ஏழு நிமிஷ இடைவெளியில் பிறந்தவர்கள். அதனாலேயே இந்தக் கேள்வியை நேரில் நிறைய பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்ட கையோடு பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "ஒண்ணா வளந்தாலும் பாரு, அவன் ஆம்பளப் புள்ள, அவ பொம்பளப் புள்ள. ரத்தத்துலயே இருக்கு."

நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போது நம்பவில்லை.

இரண்டு பேருக்கும் ஒன்பது மாதம் இருக்கும்போது, குக்கர் விசில் அடித்தால் சேர்ந்து வீறிட்டு அழுவார்கள். ஒரே பாய், ஒரே சத்தம், ஒரே அழுகை. என் மாமியார் பையனைத் தூக்கி, "என் ராசாவுக்கு வர்ற கோவத்தப் பாரு, தூக்கத்தக் கெடுத்துட்டாங்களாம்" என்பார். பெண்ணைத் தூக்கினால், "பயந்துட்டியா தங்கம், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு தொலைதூரக் கல்வியில் உளவியல் படித்தேன். அதில் ஒரு ஆய்வைத் தாண்டிப் போக முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 1976ல் ஜான் கான்ட்ரி, சாண்ட்ரா கான்ட்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது. ஒரு ஒன்பது மாதக் குழந்தையின் காணொளியை 204 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேரிடம் அது ஆண் குழந்தை என்றார்கள், மீதிப் பேரிடம் பெண் குழந்தை என்றார்கள். பெட்டிக்குள்ளிருந்து திடீரென்று பொம்மை துள்ளி எழுகிறது, குழந்தை கலங்குகிறது. ஆண் என்று நினைத்தவர்கள் அதில் கோபத்தைக் கூடுதலாகப் பார்த்தார்கள். பெண் என்று நினைத்தவர்கள் பயத்தைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்தது ஒரே குழந்தையை. எங்கள் வீட்டுக் குக்கர் விசில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இன்னொன்று இதைவிட வலித்தது. 2000ல் வந்த ஆய்வு. 11 மாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம், ஒரு சாய்வு மேடையில் உங்கள் குழந்தை எவ்வளவு சரிவு வரை தவழ்ந்து இறங்கும் என்று கேட்டார்கள். பையன்களின் அம்மாக்கள் கூட்டிச் சொன்னார்கள், பெண் குழந்தைகளின் அம்மாக்கள் குறைத்துச் சொன்னார்கள். அப்புறம் குழந்தைகளையே இறக்கிப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

எங்கள் வீட்டு வாசலில் வண்டி ஏற்றுவதற்கு ஒரு சிமென்ட் சரிவு உண்டு. பையன் அதில் தவழ்ந்து வரும்போது நான் கீழே நின்று கையைத் தட்டி "வா, வா" என்பேன். அவள் விளிம்புக்கு வந்ததுமே ஓடிப்போய்த் தூக்கிவிடுவேன். அவளால் இறங்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விட்டதே இல்லை. பிற்பாடு அவள் மாடிப்படியில் தயங்கி நின்றபோது, "இவ சுபாவமே பயந்த சுபாவம்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதும் நான்தான்.

அப்படியானால் இயற்கையான வித்தியாசமே கிடையாதா என்று கேட்டால், உண்டு. பந்தை எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் எறிகிறார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆனால் ஜேனட் ஹைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2005ல் 46 தொகுப்பாய்வுகளை (ஒரே விஷயத்தைப் பற்றிய பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசுபவை) ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அளந்த வித்தியாசங்களில் 78 சதவீதம் சிறியவை, அல்லது கிட்டத்தட்ட பூஜ்யம். கணக்குத் திறமை, பேச்சுத் திறமை, தன்னம்பிக்கை என்று நாம் அடித்துப் பேசும் பலதும் அதற்குள் அடக்கம். அந்தக் கையளவு வித்தியாசத்தை வைத்துக்கொண்டுதான் யார் சமைப்பது, யார் சொத்தைப் பார்த்துக்கொள்வது என்றெல்லாம் முடிவு செய்கிறோம்.

நம் வார்த்தைகளையே கவனித்துப் பாருங்கள். எதிர்க்கேள்வி கேட்கிற பையன் கெட்டிக்காரன். அதையே கேட்கிற பெண் வாயாடி. பையனை யாராவது வாயாடி என்று திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? "சமத்து" என்ற சொல்லும் என்னை உறுத்துகிறது. என் மகளை எல்லோரும் சமத்து என்றது அவள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த நேரங்களில்தான். சாப்பிட்ட தட்டை அவள் எடுத்தால் "பொறுப்பான பொண்ணு" என்றோம். அந்தப் பாராட்டுக்காகவே அடுத்த நாள் தம்பி தட்டையும் சேர்த்து எடுத்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. பாராட்டியே வேலையை அவள் தலையில் கட்டினோம்.

லின் பியானும் அவருடன் சேர்ந்தவர்களும் அமெரிக்கக் குழந்தைகளிடம் செய்து 2017ல் வெளியிட்ட ஆய்வை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரொம்ப ரொம்பப் புத்திசாலியான ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, அது யாராக இருக்கும் என்று படங்களைக் காட்டிக் கேட்டார்கள். ஐந்து வயதில் பையன்கள் ஆணைக் காட்டினார்கள், சிறுமிகள் பெண்ணைக் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் சிறுமிகள் பெண்ணைக் காட்டுவது குறைந்துவிட்டது. புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொன்னால் விலகிப் போனார்கள். இத்தனைக்கும் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்குவது யார் என்று கேட்டால் சிறுமிகள்தான் என்று அவர்களே சொன்னார்கள். மதிப்பெண் வேறு, மூளை வேறு என்று ஆறு வயதுக்குள் யாரோ புரியவைத்துவிட்டார்கள்.

இது நமக்குப் புதிதா என்ன? ஒவ்வொரு வருஷமும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிவு வரும்போது மாணவிகளே அதிகம் தேர்ச்சி என்று செய்தி வரும். உடனே பக்கத்தில் ஒரு குரல்: "பொண்ணுங்க மனப்பாடம் பண்ணிடுவாங்க. பசங்களுக்கு மூளை இருக்கு, படிக்கிறதில்ல." போன வருஷம் அதை என் மகள் எதிரில் ஒரு உறவினர் சொன்னார். நான் மறுத்துப் பேசினேன். பேசாமல் இருந்த வருஷங்களும் உண்டு என்பதுதான் என் வருத்தம்.

பையனும் இதில் தப்பவில்லை. எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து, மணிக்கட்டு வீங்கியிருந்ததை முழுக்கைச் சட்டையால் மறைத்து ஒரு நாள் முழுக்க வைத்திருந்தான். எக்ஸ்ரேயில் விரிசல். ஏன்டா சொல்லல என்றதற்கு, "அழுதா பொம்பளயான்னு கேப்பாங்க" என்றான். கோபக்காரன் என்று தூக்கிக் கொஞ்சிய அதே பிள்ளை.

போன மாதம் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். நானோ அவர்கள் அப்பாவோ யாரிடம் "பாத்து, மெதுவா" என்று சொன்னாலும் அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கோடு. ஒரு வாரத்தில் மகள் பக்கம் இடமில்லாமல் தாளைத் திருப்ப வேண்டியிருந்தது. மகன் பக்கம் ஒரு வரிசைகூட முடியவில்லை. தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நேற்று மாலை அவள் டியூஷனுக்குக் கிளம்பும்போது என்னை அறியாமல் "பாத்துப் போடி" என்றேன். உள்ளே திரும்பி வந்து, பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.