'வொண்டர் வுமன் 1984' கதையில் ஓட்டை எங்கே? நம் குறும்படத்தின் இரண்டாம் பாகத்தில் அதை அடைப்பது எப்படி?

கேள்வி: மட்டக்களப்பில் சிறு குழுவாகக் குறும்படம் எடுக்கிறோம். முதலில் எடுத்த சூப்பர் ஹீரோ கதைக்கு இப்போது இரண்டாம் பாகம் எழுதுகிறோம், 20 நிமிடம். 'வொண்டர் வுமன் 1984' முதல் படம் அளவுக்கு எங்களுக்கு ஒட்டவில்லை. அதன் கதையில் உள்ள ஓட்டைகள் எவை? எங்கள் கதையில் அவை வராமல் எப்படிப் பார்ப்பது?

பதில்:

முதலில் அந்த ஜெட் விமானத்தை ஒதுக்கிவிடுங்கள். இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் பிடிப்பது அதைத்தான். 1918இல் இறந்து, கதையில் உயிரோடு திரும்பி வரும் விமானி ஸ்டீவ் 1984இன் ஜெட்டில் ஏறியவுடனே ஓட்டுகிறான். வொஷிங்டனில் இருந்து கெய்ரோவுக்கு ஒன்பதாயிரம் கிலோமீற்றருக்கு மேல். வழியில் எரிபொருள் நிரப்பாமல் எந்தப் போர் விமானமும் அங்கே போய்ச் சேராது. இரண்டும் சரியான குறைகள்தான். ஆனால் இவை நம்ப முடியாத இடங்கள், கதை ஓட்டைகள் அல்ல. மந்திரக் கயிறு வைத்திருக்கும் பெண்ணை ஏற்றுக்கொண்ட பார்வையாளர் இதையும் கடந்து போய்விடுவார்.

கதை ஓட்டை என்பது வேறு. படம் தானே ஒரு சட்டம் போடுகிறது, பிறகு தானே அதை மீறுகிறது, அதுதான் ஓட்டை. இந்தப் படத்தில் அந்த மீறல்கள் ஏறக்குறைய எல்லாம் ஒரே இடத்தில், வரத்துக்குக் கொடுக்கும் விலையில், விழுகின்றன. படம் பலவீனமாகத் தெரிவதற்கும் அதுவே காரணம்.

சட்டம் இதுதான். ஒரு பழைய கல் இருக்கிறது. அதைத் தொட்டு ஆசைப்பட்டால் ஆசை நிறைவேறும். பதிலுக்கு அந்தக் கல் ஆசைப்பட்டவரிடம் இருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும்; ஆசையைத் துறந்தால் அது திரும்பும். டயானா, அதாவது வொண்டர் வுமன், இறந்துபோன தன் காதலன் ஸ்டீவைக் கேட்கிறாள், அவளுடைய வல்லமை கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. அவளோடு வேலை செய்யும் பார்பரா டயானாவைப் போல ஆக வேண்டும் என்கிறாள், அவளிடம் இருந்த இரக்கம் போகிறது. வியாபாரி மாக்ஸ் லோர்ட் தானே அந்தக் கல்லாக மாற வேண்டும் என்கிறான், அவனுடைய உடம்பு குலையத் தொடங்குகிறது. இதுவரை கதை நல்ல கட்டுமானம். மூன்று பேர், மூன்று ஆசை, ஒவ்வொருவரும் இழப்பது அவரவரிடம் இருந்ததிலேயே பெறுமதியானது.

இனி மீறல்களைப் பாருங்கள். கல் கதைக்குள் வந்த கொஞ்ச நேரத்தில் அலுவலகத்தில் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கோப்பி கேட்கிறார், கோப்பி வருகிறது. அவர் எதை இழந்தார்? படம் காட்டவில்லை. சின்ன விஷயம் என்று விட முடியாது. கல் வேலை செய்வதைப் பார்வையாளர் முதன்முதலில் காணும் இடமே அதுதான். அங்கேயே விலை காட்டப்படாததால், இந்தக் கல் சும்மா கொடுக்கும் என்று மனம் பதிந்துவிடுகிறது. பிறகு விலையைப் பற்றி வசனத்தில் எவ்வளவு சொன்னாலும் அது ஏறாது.

பெரிய ஓட்டை ஸ்டீவ் திரும்பி வரும் விதம். கெய்ரோவில் இதே கல்லின் சக்தி வெறும் நிலத்தில் இருந்து பெருஞ்சுவரை எழுப்புகிறது. அமெரிக்க ஜனாதிபதி கேட்டவுடன் இல்லாத அணு ஏவுகணைகளை உண்டாக்குகிறது. அப்படிப்பட்ட சக்தி ஸ்டீவுக்கு மட்டும் ஓர் உடலை உண்டாக்காமல், உயிரோடு இருக்கும் வேறொரு மனிதனின் உடலுக்குள் அவனைப் புகுத்துகிறது. ஏன் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த மனிதனுக்கு வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, அவனைத் தேடும் ஆட்களும் இருந்திருப்பார்கள். அவனுடைய உடலோடு டயானா இரவைக் கழிக்கிறாள், அதே உடலைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே கொண்டுபோகிறாள். அவனுடைய சம்மதத்தைப் பற்றி இரண்டு பேரில் ஒருவரும் கேட்பதில்லை. கடைசியில் பனிக்காலத்தில் அவன் டயானாவோடு சிரித்துப் பேசிவிட்டுப் போகிறான்.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், இந்த ஓட்டைக்குள்ளேயே படத்தின் மிக நல்ல காட்சி இருந்தது. டயானா ஸ்டீவைக் கைவிடுவது உலகத்துக்கு அவளுடைய வல்லமை தேவை என்பதற்காக. அதற்குப் பதிலாக, தன் சந்தோசத்துக்கு விலையாக இன்னொருவனின் வாழ்க்கை போகிறது என்று அவளே கண்டுபிடித்துக் கைவிட்டிருந்தால்? தொடக்கத்தில் சிறுமி டயானா குறுக்கு வழியில் ஓடிப் பந்தயத்தில் முந்தப் பார்க்கிறாள், அவளைப் பழக்கும் அன்ரியோப்பி எல்லைக்கோட்டுக்கு முன்னால் அவளைத் தூக்கி நிறுத்துகிறாள். அந்தக் காட்சிக்கு நேர்ப் பதிலாக இது அமைந்திருக்கும். 151 நிமிடப் படத்தில் அதற்கு மூன்று நிமிடம் போதும்.

மூன்றாவது, பார்பரா. டயானாவைப் போல ஆவது அவளுடைய முதல் வரம். பிறகு மாக்ஸ் அவளுக்கு இரண்டாவது வரமும் கொடுக்கிறான், அவள் சிறுத்தையுருவம் ஆகிறாள். மற்றவர்களிடம் இருந்து எடுப்பதை அவளுக்குக் கொடுக்கிறான் என்று சமாதானம் சொல்லலாம், அதை நான் ஏற்கிறேன். ஆனால் முடிவில் அவள் மனித உருவத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அவள் தன் ஆசையைத் துறந்தாளா? துறக்கும் காட்சி இல்லை. உலகம் முழுவதும் மக்கள் ஒவ்வொருவராகத் துறப்பதைக் காட்டும் படம், எதிரியாக வளர்த்த பாத்திரத்தின் துறவைக் காட்ட மறந்துவிட்டது.

நான்காவது, திரும்பக் கொடுத்தால் என்னென்ன திரும்பும்? ஏவுகணைகள் மறைவதைக் காட்டுகிறார்கள். அந்தக் கலவரத்தில் காயப்பட்டவர்கள், செத்தவர்கள்? தெளிவில்லை. மாயக் கதைகளில் எழுதுபவர்கள் அதிகம் தவறவிடும் கேள்வி இதுதான்.

ஜெட்டை மறைய வைக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். பொருளை மறைய வைக்கும் கலையை ஒரு கோப்பைமீது முயன்று பார்த்ததாக டயானா சொல்கிறாள், சொன்ன கையோடு முழு விமானத்தையும் மறைத்துவிடுகிறாள். விதை போட்ட இடத்திலேயே அறுவடை. அதைவிடப் பிழை என்னவென்றால், அவளுடைய வல்லமை குறைந்துகொண்டு போக வேண்டிய கட்டத்தில் இது நடக்கிறது. அடுத்து கெய்ரோ வீதியில் துப்பாக்கிக் குண்டு அவளைக் காயப்படுத்துகிறது. ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒரே நேரத்தில் வந்தால் பார்வையாளர் எதற்குப் பயப்படுவார்? இதற்கு மாறாக அவள் பறக்கக் கற்பது ஒழுங்காக அமைந்திருக்கிறது: காற்றைப் பற்றி ஸ்டீவ் முன்னமே பேசுகிறான், அவனை இழந்த பிறகு அந்தப் பேச்சை நினைத்து அவள் எழும்புகிறாள். விதைக்கும் பலனுக்கும் நடுவில் ஓர் இழப்பு இருப்பதால் அது நிற்கிறது.

பொன் கவசம் இன்னொரு வீணான பொருள். அதற்கு ஒரு வீராங்கனையின் பழைய வரலாறே சொல்லப்படுகிறது. சண்டைக்கு அணிந்து வருகிறாள், சிறகுகள் பிய்க்கப்படுகின்றன, கழற்றி எறிகிறாள். அந்தக் கவசம் இல்லாமல் நடந்திருக்க முடியாத ஒரு காரியமும் அதில் நடக்கவில்லை.

கவசத்தைக் கதையில் எப்படி வைப்பது என்பதற்கு நமக்கு வெளியே போகத் தேவையில்லை. கர்ணனை எடுங்கள். இந்திரன் வந்து கவச குண்டலத்தைக் கேட்கிறான், கர்ணன் அறுத்துக் கொடுக்கிறான், பதிலுக்குச் சக்தி ஆயுதம் கிடைக்கிறது. ஆனால் ஒருமுறைதான் எய்யலாம். அருச்சுனனுக்கென்று அதைப் பொத்தி வைத்திருக்கிறான். இரவுப் போரில் கடோற்கசன் படையை நாசம் செய்யும்போது வேறு வழியில்லாமல் அவன்மேல் விடுகிறான். அந்த நிமிடமே கர்ணனின் முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. பொருள் வந்த விதம், அதற்குக் கொடுத்த விலை, அதன் எல்லை, நெருக்கடியில் அது செலவான இடம், பிறகு வந்த பின்விளைவு: ஐந்தும் இருக்கின்றன, ஒன்றும் மிச்சமில்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்த சனமும், பாண்டிருப்பில் தீமிதிப்புத் திருவிழாவான தீப்பள்ளயத்துக்காகப் பதினெட்டு நாளும் பாரதக் கதையோடு இருக்கும் சனமும் உங்கள் படத்தைப் பார்க்கப் போகிறார்கள். வரம் கொடுத்தவன் சொன்ன நிபந்தனை பிசகினால் கூத்துக் களரியில் கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரையே கேள்வி கேட்கக்கூடியவர்கள் அவர்கள். உங்கள் பார்வையாளரைக் குறைத்து எடைபோடாதீர்கள்.

இனி உங்கள் திரைக்கதைக்கு வருவோம். எழுதத் தொடங்குமுன் ஒரே ஒரு தாளில் சட்டத்தை எழுதுங்கள். இந்த வல்லமையால் என்ன முடியும், என்ன முடியாது, ஒவ்வொரு முறையும் எது போகும், அது உடனே போகுமா பிறகு போகுமா, விட்டுவிட்டால் எது திரும்பும், எது ஒருபோதும் திரும்பாது. தாள் ஒரு பக்கத்தைத் தாண்டினால் சட்டம் சிக்கலாகிவிட்டது, 20 நிமிடத்துக்குள் அதைச் சொல்லி முடிக்க முடியாது. உதாரணமாக, உங்கள் நாயகி வாவிக்கு அடியில் நடப்பதை எல்லாம் கேட்கக்கூடியவள் என்று வையுங்கள். விலை, கேட்கும் ஒவ்வொரு தடவையும் கரையில் உள்ள ஒருவரின் குரல் அவளுக்குக் கேட்காமல் போகும். இப்போது யாருடைய குரல் கடைசி என்று ஆட்களை வரிசைப்படுத்துங்கள். அம்மாவின் குரல் கடைசியில் இருந்தால் உங்கள் உச்சக்காட்சி தானாகவே கிடைத்துவிட்டது.

அடுத்து முதல் பாகத்தின் கணக்கு. வல்லமையைக் கண்ணால் கண்டவர் யார், கேள்விப்பட்டவர் யார், உடைந்தது எது, காயம் யாருக்கு என்று முதல் படத்தை ஓடவிட்டு எழுதுங்கள். இரண்டாம் பாகத்தை வேறொருவர் எழுதினால் இது இன்னும் முக்கியம். 'வொண்டர் வுமன்' முதல் படத்தின் திரைக்கதை அலன் ஹைன்பேர்க் எழுதியது; இரண்டாவதை பட்டி ஜென்கின்ஸ், ஜெஃப் ஜோன்ஸ், டேவ் கலஹம் மூவரும் எழுதினார்கள். 2016இல் வந்த 'பற்மேன் வேர்சஸ் சூப்பர்மேன்' படத்தில் டயானா நூறு வருடம் மனிதரை விட்டு விலகி இருந்தவளாகப் பேசுகிறாள். 1984இல் உலகத்துக்கே அவள் பேசியதாகக் காட்டும் கதை அதோடு உரசுகிறது. அங்காடிச் சண்டையில் அவள் கமெராக்களை உடைத்துத் தன்னை மறைப்பது மட்டும் அந்த உரசலை மூடப் போதாது.

முதல் எழுத்து முடிந்ததும் சிவப்புப் பேனையை எடுங்கள். வல்லமை வரும் ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் அங்கே கொடுத்த விலையை எழுதுங்கள். ஓரம் வெறுமையாக இருக்கும் காட்சியை வெட்டுங்கள், அல்லது விலையை வையுங்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. ஆகவே நான்காம் பக்கத்துக்குள் வல்லமையும் அதன் விலையும் சேர்ந்தே ஒரே காட்சியில் தெரிய வேண்டும், வசனத்தில் அல்ல. பதினைந்தாம் பக்கத்துக்குப் பிறகு புதுத் திறமை, புது ஆயுதம், புது ஆள் எதுவும் வரக்கூடாது.

இடமும் காலமும் பற்றியும் கவனம். உங்கள் பார்வையாளர் ஊர்க்காரர். கல்லடியில் இருந்து பாசிக்குடா 30 கிலோமீற்றருக்கு மேல். வில்லன் அழைத்தவுடன் நாயகி அடுத்த ஷொட்டில் அங்கே நின்றால் அரங்கில் முணுமுணுப்பு வரும். கதையின் ஒரு பகுதி 1980களில் நடந்தால் 2013இல் திறந்த கல்லடிப் புதுப்பாலம் எந்தச் சட்டகத்திலும் விழக்கூடாது, பழைய பாலத்தை மட்டும் காட்டும் கோணத்தை முதலே போய்ப் பார்த்து வையுங்கள்.

கடைசியாக, முதல் பாகத்தைப் பார்க்காத இரண்டு பேருக்குத் திரைக்கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பிடித்ததா என்று கேட்க வேண்டாம். உச்சக்காட்சிக்கு ஒரு பக்கம் முன்னால் நிறுத்தி, "இவள் இப்ப அதைப் பாவிச்சா என்ன போகும்?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால் படப்பிடிப்புக்குப் போகலாம். வேறு வேறு பதில் வந்தால் நான்காம் பக்கத்துக் காட்சியைத் திருத்துங்கள். உச்சக்காட்சியில் கை வைக்க வேண்டாம்.