வகிடு அகலமாகிறதே, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 38. ஓராண்டாக நடு வகிடு அகலமாகி, சடையும் இளைத்துவிட்டது. மாதவிலக்கின்போது உதிரப்போக்கும் அதிகம். செம்பருத்தி எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டேன். போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார் என் மாமியார். மருந்தில்லாமல் இயற்கையாகவே சரிசெய்ய முடியுமா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: எண்ணெயையும் தண்ணீரையும் விட, உதிரப்போக்கு அதிகம் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. மாதந்தோறும் இரத்தம் மிகுதியாக வெளியேறினால் உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு கரையும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு குறைந்திருக்கலாம். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் உதிரப்போக்கு கூடும், முடியும் உதிரும். ஆகவே காரைக்குடிக்குப் போகும்போது ஒரு மகளிர் மருத்துவரைப் பார்த்து, இம்மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி ஒடியவைக்குமே தவிர, வேரை அசைக்காது. உதிர்ந்த முடியைக் கறுப்புத் துணியின் மேல் வைத்துப் பாருங்கள்: ஒரு முனையில் கடுகை விடச் சிறிய வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது வேரோடு வந்தது, இல்லையென்றால் இடையில் ஒடிந்தது. ஒடிந்ததே அதிகமென்றால், நம் பக்கத்து வீடுகளில் முற்றத்து மழைநீரை அண்டாவில் பிடித்துவைப்பார்களே, அந்த நீரால் கடைசியாக ஒருமுறை அலசுங்கள். குளிக்கும் முன் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கும். ஆனால் புதிய முடியை முளைக்கவைக்காது. வெங்காயச் சாறு புழுவெட்டுக்கு ஓரளவு பயன்பட்டதாக ஒரு சிறிய ஆய்வு உண்டு. உங்களுக்கு இருப்பது அதுவன்று, எரிச்சல்தான் மிஞ்சும்.

முருங்கைக்கீரையுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். அசைவம் உண்பவராயின் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) இன்னும் நல்லவை. காபி, தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். சோதனையில் குறைபாடு தெரிந்தால் உணவு மட்டும் போதாது. மாத்திரை வேண்டாம் என்ற பிடிவாதத்தை அங்கே விட்டுவிடுங்கள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. தான் வளரும் என்பதால், பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும் வகிடு விரிந்துகொண்டே போனால் பரம்பரைக் காரணமாக இருக்கலாம். அதைத் தோல் மருத்துவரிடம் எவ்வளவு விரைவில் காட்டுகிறீர்களோ அவ்வளவு முடியைக் காப்பாற்றலாம்.

கேள்வி: மகளுக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதமாகிறது. தலை சீவினால் கொத்துக் கொத்தாக வருகிறது.
- வாசகி, கோட்டையூர்

பதில்: கருவுற்றிருந்தபோது உதிராமல் தங்கிய முடிதான் இப்போது சேர்ந்து உதிர்கிறது, பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பழைய அடர்த்தி திரும்பிவிடும். பத்தியம் என்று கீரை, பருப்பு, முட்டையைக் குறைத்துவிடாதீர்கள். இறுக்கிப் பின்னி, கனமாகப் பூச்சூட்டுவதைச் சில காலம் தவிர்த்து, தளர்வாகவே பின்னிவிடுங்கள்.