மதிப்பெண், மாணவர்கள், பணம்: டெக்சஸின் சின்னப் பள்ளி மாவட்டங்கள் பற்றிக் கேள்வி பதில்

டெக்சஸில் வீடு தேடும் குடும்பங்களும், ஏற்கெனவே பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பள்ளி நிதிக் கணக்குகளோடு பல காலம் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இங்கே மாவட்டம் என்றால் பள்ளி மாவட்டம்: ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தி, அதற்காக அங்குள்ள சொத்துக்கு வரி வசூலிக்கும் தனி அமைப்பு.

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் வீடு பார்க்கிறோம் அண்ணா. பிடித்த வீடு ஒரு சின்ன மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு நாலுதான் போட்டிருக்கிறார்கள். விட்டுவிடலாமா?

அந்த நாலை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். இப்படிப்பட்ட எண்களில் தேர்ச்சி விகிதத்துக்குப் பெரிய இடம் உண்டு. தேர்ச்சி விகிதமோ வீட்டு வருமானத்தையும் பெற்றோரின் படிப்பையும் ஒட்டியே போகும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர் ஷான் ரியர்டன் குழுவினர் நாடு முழுவதும் உள்ள மாவட்டங்களின் தேர்வு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு இறுக்கமாகப் பிணைந்திருந்தது. பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பது அப்படிப் பிணைந்திருக்கவில்லை. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த சிகாகோவில், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையான ஐந்து ஆண்டுகளில், ஆறு ஆண்டுக்கு உரிய முன்னேற்றம் தெரிந்தது.

டெக்சஸ் அரசு தரும் ஏ முதல் எஃப் வரையான மதிப்பீட்டைப் பிரித்துப் பாருங்கள். அதில் "மாணவர் சாதனை" தனியாக இருக்கும், "பள்ளி முன்னேற்றம்" தனியாக இருக்கும். முன்னேற்றத்தின் ஒரு பகுதி, இதே அளவு ஏழைப் பிள்ளைகள் படிக்கும் மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் போடப்படுவது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சாதனையில் சி, முன்னேற்றத்தில் ஏ என்று இருந்தால் அங்கே ஆசிரியர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களிலேயே பள்ளிகளின் வசதி ஏன் இவ்வளவு மாறுகிறது? வரி எல்லோரும்தானே கட்டுகிறோம்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெரிக்கா முழுவதும் பேசப்பட்ட வழக்கே இதைப் பற்றியதுதான்.

சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வுட்டில் சுமார் 22,000 பிள்ளைகள். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மெக்சிக அமெரிக்கர்கள், ஆறு சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவர். கடை, தொழிற்சாலை என்று பெரிதாக ஒன்றும் இல்லாத குடியிருப்புப் பகுதி. ஒரு மாணவருக்கு வரி போடக்கூடிய சொத்து 5,960 டாலர்தான். அலமோ ஹைட்ஸில் சுமார் 5,000 பிள்ளைகள், பெரும்பாலும் வெள்ளையர்கள். அங்கே ஒரு மாணவருக்குச் சொத்து 49,000 டாலருக்கும் மேல்.

எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அந்த நகர்ப் பகுதியிலேயே அதுதான் உயர்ந்த விகிதம். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட். மாநிலத் திட்டத்துக்கு உரிய பங்கு போக, எட்ஜ்வுட்டுக்குச் சொந்த வரியில் பிள்ளைக்கு 26 டாலர் மிஞ்சியது. குறைவாக வரி கட்டிய அலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர். மாநிலப் பணம், மத்திய அரசுப் பணம் எல்லாம் சேர்த்த பிறகும் 356 டாலருக்கு எதிரே 594. ஏழைகள் அதிக விகிதத்தில் வரி கட்டியும் அவர்கள் பிள்ளைகளுக்குக் குறைவாகக் கிடைத்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது ஆறுவதில்லை.

விளைவு வகுப்பறையில் தெரிந்தது. 1968-69இல் எட்ஜ்வுட் ஆசிரியர்களில் சுமார் 47 சதவீதம் பேர் முழுத் தகுதி இல்லாமல் அவசர அனுமதியில் பாடம் நடத்தியவர்கள். அலமோ ஹைட்ஸில் 11 சதவீதம். 1968இல் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்களே வகுப்பை விட்டு வெளியே வந்து போராடினார்கள். அதே ஆண்டு, விமானப்படைத் தளத்தில் தகட்டு வேலை பார்த்த டெமெட்ரியோ ரோட்ரிகஸும் மற்றப் பெற்றோர்களும் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் வென்றார்கள். 1973 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கல்வி என்பது மத்திய அரசியல் சாசனம் உறுதி செய்யும் அடிப்படை உரிமை அல்ல என்றது பெரும்பான்மை. நீதிபதி தர்குட் மார்ஷல் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார்.

கேள்வி: அப்புறம் என்ன ஆனது? இன்னும் அப்படியேதான் இருக்கிறதா?

எட்ஜ்வுட் மாவட்டம் மாநில நீதிமன்றத்தில் புதிதாக வழக்குப் போட்டது. டெக்சஸின் சொந்த அரசியல் சாசனத்தை வைத்து, 1989இல் மாநில உச்ச நீதிமன்றம் எட்ஜ்வுட் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது ஒரு மாணவருக்கான சொத்து எட்ஜ்வுட்டில் 38,854 டாலர், அலமோ ஹைட்ஸில் 5,70,109 டாலர். இடைவெளி குறையவில்லை, வளர்ந்திருந்தது. சட்டமன்றம் கொண்டுவந்த திட்டங்களை நீதிமன்றம் அடுத்தடுத்துத் தள்ளியது. கடைசியில் 1993இல் வந்ததுதான், சொத்து அதிகமுள்ள மாவட்டங்களின் வரியில் ஒரு பங்கை எடுத்துப் பகிரும் முறை. மக்கள் அதை "ராபின் ஹூட்" என்பார்கள். அது இன்றும் இருக்கிறது.

கேள்வி: ஆஸ்டினில் இருக்கிறோம். எங்கள் பள்ளி வரியில் பெரும்பகுதி வெளியே போகிறதாமே? இது நியாயமா?

இந்தப் பகிர்வுக்கு அதிகம் கட்டும் மாவட்டம் ஆஸ்டின்தான். ஆனால் அங்கேயே ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் வசதி குறைந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள். நிலத்தின் விலை ஏறியதால் மாவட்டம் "பணக்கார" மாவட்டமாகிவிட்டது, அதில் படிக்கும் பிள்ளைகள் ஆகவில்லை. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பகிர்வதே தவறு என்று சொல்ல மாட்டேன். மாநிலம் தன் பொதுப் பணத்திலிருந்து தர வேண்டியதை ஒழுங்காகத் தந்தால், இப்படி வெளியே போகும் தொகை குறையும். மாணவருக்கான அடிப்படைத் தொகையை 2019இல் 6,160 டாலராக்கினார்கள். அதற்குப் பிறகு விலைவாசி எவ்வளவு ஏறியது என்பது உங்களுக்கே தெரியும். 2025இல் கூடுதல் நிதி ஒதுக்கியபோதும் அந்த அடிப்படைத் தொகை 55 டாலர்தான் ஏறியது.

கேள்வி: பணம் கொட்டினால் மட்டும் படிப்பு வந்துவிடுமா?

அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றி அரசு செய்யவைத்து 1966இல் வந்த கோல்மன் அறிக்கை, பள்ளி வசதியைவிடக் குடும்பப் பின்னணியே பெரிது என்றது. பலர் அதோடு நின்றுவிட்டார்கள். பொருளியல் ஆய்வாளர் கிராபோ ஜாக்சனும் அவருடைய சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, நீதிமன்றத் தீர்ப்புகளால் நிதி கூடிய மாவட்டங்களின் பிள்ளைகளை வளர்ந்த பிறகும் தொடர்ந்து பார்த்தது. பள்ளியின் 12 ஆண்டுகளும் செலவு 10 சதவீதம் கூடுதலாக இருந்தால், பின்னாளில் சம்பளம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். இந்த வருடம் கொடுத்த பணத்துக்கு அடுத்த வருடத் தேர்விலேயே விடை தேடினால் கிடைக்காது.

கேள்வி: எங்கள் மாவட்டம் ரொம்பச் சின்னது. ஒரு வகுப்பில் இருபது பேர்தான். போன வருடம் கணக்கில் 80 சதவீதம், இந்த வருடம் 65. ஆசிரியரை மாற்றச் சொல்லலாமா?

வேண்டாம். இருபது பேரில் ஒரு பிள்ளை ஐந்து சதவீதம். நீங்கள் சொல்வது மூன்று பிள்ளைகளின் வித்தியாசம். அதோடு போன வருடம் எழுதியவர்கள் வேறு பிள்ளைகள். மூன்று நான்கு வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள். அதே பிள்ளைகள் அடுத்த வகுப்பில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருந்தால், பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் காக்க மறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கேள்வி: பிள்ளைகள் குறைந்தால் செலவும் குறையும்தானே? பிறகு ஏன் பள்ளியை மூடுகிறார்கள்?

செலவு அதே வேகத்தில் குறையாது. முப்பது பேர் போனாலும் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை, வகுப்புக்கு ஒருவர் இருவராகப் போவார்கள். ஆசிரியர், பேருந்து, குளிர்சாதனம் எல்லாம் அப்படியே இருக்கும். வருமானம் மட்டும் உடனே விழும். டெக்சஸில் இன்னொரு சங்கடம், பணம் தருவது பெயர்ப் பதிவுக்கு அல்ல, சராசரி தினசரி வருகைக்கு. காய்ச்சல் வந்து பிள்ளை வீட்டில் இருந்தாலும் பள்ளிக்கு நட்டம். நோயும் வீடு மாறுதலும் அதிகமுள்ள ஏழை மாவட்டங்களையே இது அதிகம் அடிக்கிறது. எட்ஜ்வுட்டில் இன்று அந்த 22,000 பேரில் பாதிகூட இல்லை. இளம் குடும்பங்கள் குறைந்தன, அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளும் பிள்ளைகளை இழுத்தன.

கேள்வி: சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினோம். மகளுக்கு ஆங்கிலத் தேர்வு வைக்கிறார்களாம். ஆங்கிலம் என்று மாற்றிவிடலாமா?

உண்மையையே எழுதுங்கள். வேறு மொழி பேசும் வீடு என்றால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பது சட்டம். நன்றாகச் செய்தால் அதோடு முடிந்தது. உதவி தேவை என்று வந்தாலும், உங்கள் சம்மதம் இல்லாமல் திட்டத்தில் சேர்க்க முடியாது. சேர்ந்தால் அந்தப் பிள்ளைக்காகப் பள்ளிக்கு அடிப்படைத் தொகையில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே தாய்மொழி பேசி, ஆங்கில உதவி தேவைப்படும் பிள்ளைகள் ஒரு மாவட்டம் முழுவதிலும் சேர்த்து, தொடக்கப் பள்ளியின் ஏதாவது ஒரு வகுப்பு நிலையில் இருபது பேர் இருந்தால், அந்த மொழியிலும் கற்பிக்கும் இருமொழித் திட்டம் தர வேண்டும் என்கிறது டெக்சஸ் சட்டம். ஆசிரியர் கிடைக்கவில்லை என்று மாவட்டங்கள் விலக்குக் கேட்பது உண்டு. ஆனால் எல்லோரும் ஆங்கிலம் என்று எழுதிவிட்டால் அந்தக் கணக்கே தொடங்காது.