கேள்வி நேரம்: எல்லா கேம்பெயினையும் ஒரே கட்டாகக் கட்டலாமா?

கூகுள், ஃபேஸ்புக் விளம்பரங்களில், விளம்பர இடத்துக்கு எவ்வளவு தருவது என்ற ஏலத் தொகையைத் தானியங்கி ஏஐயிடம் விட்டுவிட்டு, அப்புறம் என்ன செய்வது என்று கேட்டு எழுதுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பாதிப் பேர் கேட்பது ஒரே விஷயம்தான்: கேம்பெயின்களை, அதாவது தனித்தனியாக ஓடும் விளம்பரத் தொகுதிகளை, சேர்ப்பதா, பிரிப்பதா? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: பெட்ஷீட், துண்டு, லுங்கி என்று ஆன்லைனில் விற்கிறேன். கூகுளில் மொத்தம் ஏழு கேம்பெயின் ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் மாதம் ஆறேழு ஆர்டர்தான் வருகிறது. விளம்பரம் பார்த்துக்கொள்ளும் தம்பி, “எல்லாத்தையும் ஒரே போர்ட்ஃபோலியோவுல போட்டுடலாங்ணா, ஏஐ சீக்கிரம் கத்துக்கும்” என்கிறான். போடலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. போர்ட்ஃபோலியோ என்பது பல கேம்பெயின்களுக்கும் சேர்த்து வைக்கும் ஒரே ஏல உத்தி, ஒரே இலக்கு. ஆனால் ஸ்மார்ட் பிட்டிங் என்ற கூகுளின் தானியங்கி ஏல ஏஐ, நீங்கள் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், உங்கள் கணக்கு முழுவதிலும் உள்ள தரவைப் பார்த்துத்தான் கற்கிறது. துண்டு கேம்பெயினில் தெரிந்துகொண்டதை பெட்ஷீட் கேம்பெயினுக்குச் சொல்லாமல் ஒளித்துவைப்பதில்லை. சேர்ப்பதால் உண்மையில் மாறுவது என்னவென்றால், “ஒரு ஆர்டருக்கு இவ்வளவுதான் செலவு” என்ற இலக்கை ஒவ்வொரு கேம்பெயினிலும் தனித்தனியாகப் பிடிக்காமல், எல்லாவற்றின் சராசரியிலும் பிடித்தால் போதும் என்று அதற்கு நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள்.

அந்த சராசரியில்தான் வில்லங்கம். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஆர்டருக்கு 150 ரூபாய் என்று இலக்கு வைக்கிறீர்கள். பெட்ஷீட்டில் 20 ஆர்டர், ஒவ்வொன்றுக்கும் 210 ரூபாய் செலவு. துண்டில் 30 ஆர்டர், ஒவ்வொன்றுக்கும் 110 ரூபாய். மொத்தம் 7,500 ரூபாய்க்கு 50 ஆர்டர், சராசரி சரியாக 150. இயந்திரத்தைப் பொறுத்தவரை நூற்றுக்கு நூறு. ஆனால் உங்களுக்கு ஒரு பெட்ஷீட் ஆர்டரில் 350 ரூபாய் லாபம், துண்டு ஆர்டரில் 90 ரூபாய்தான் லாபம் என்றால், ஒவ்வொரு துண்டு ஆர்டரும் 20 ரூபாயைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போகிறது. துண்டு ஆர்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று இயந்திரம் அதையே இன்னும் தேடித் தேடிப் பிடிக்கும், ஏனென்றால் அதற்கு ஆர்டர் என்றால் ஆர்டர், லாப நஷ்டம் அதற்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். சரக்கின் பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், ஒரு ஆர்டருக்கு எவ்வளவு செலவழித்தால் உங்களுக்குக் கட்டும் என்பதைப் பார்த்துச் சேருங்கள். பெட்ஷீட்டும் லுங்கியும் கிட்டத்தட்ட ஒரே லாபம் என்றால் அவை ஒரு கட்டு, துண்டு தனி. இல்லை, எல்லாமே ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு ஆர்டருடனும் அதன் லாபத்தை மதிப்பாக அனுப்பிவிட்டு, டார்கெட் சிபிஏவை (ஒரு ஆர்டருக்கு இவ்வளவு செலவு என்ற இலக்கு) விட்டு டார்கெட் ரோஆஸுக்கு (செலவுக்கு எத்தனை மடங்கு மதிப்பு திரும்ப வர வேண்டும் என்ற இலக்கு) மாறுங்கள். லாபத்தின் மீது 175 சதவீதம் என்று வைத்தால் 350 ரூபாய் ஆர்டருக்கு 200 ரூபாய் வாக்கிலும், 90 ரூபாய் ஆர்டருக்கு 51 ரூபாய் வாக்கிலும் செலவழிப்பது அதற்குக் கட்டுப்படியாகும். ஒரே கட்டில் இருந்தாலும் இப்போது இரண்டும் ஒன்றல்ல என்று அதற்குத் தெரியும்.

இன்னொன்று, இதைக் கேட்காமலேயே சொல்கிறேன். அந்த ஏழில் உங்கள் கடைப் பெயரைத் தேடுகிறவர்களுக்கென்று ஒரு கேம்பெயின் இருக்கிறதா? இருந்தால் முதல் வேலையாக அதை வெளியே எடுங்கள். கடைப் பெயரையே தட்டித் தேடுகிறவர் எப்படியும் வாங்க வந்தவர், அவருடைய ஆர்டர் முப்பது நாற்பது ரூபாயில் விழும். அந்த மலிவு ஆர்டர்கள் சராசரியைக் கீழே இழுத்துவிடும், மிச்சம் கிடைத்த இடைவெளியில் மற்ற கேம்பெயின்கள் 300 ரூபாய்க்கு ஆர்டர் வாங்கினாலும் அறிக்கையில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். விளம்பர ஏஜென்சிகள் சில இதைத் தெரிந்தே செய்வதுண்டு, மாதக் கடைசி அறிக்கை அழகாக வரும் என்பதால்.

கட்டிய பிறகு தினமும் திறந்து பார்த்துக் கையை வைக்காதீர்கள். புது இலக்குக்குப் பழக சுமார் 50 கன்வெர்ஷன் (ஆர்டர், படிவம் போல நீங்கள் எண்ணச் சொன்ன செயல்) வரையோ மூன்று கன்வெர்ஷன் சுற்று (க்ளிக்கிலிருந்து ஆர்டர் வரை ஆகும் காலம்) வரையோ ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. தேறியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லக் குறைந்தது 30 கன்வெர்ஷன் சேர்ந்த காலத்தைப் பாருங்கள், ரோஆஸ் என்றால் 50. உங்களுக்கு வரும் அளவுக்கு அது ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும், பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: சார், வெட் கிரைண்டர், மிக்ஸி இரண்டு கேம்பெயினையும் ஒரே போர்ட்ஃபோலியோவில் போட்டுவிட்டேன். இருந்தும் கிரைண்டருக்கு மதியத்திலேயே பட்ஜெட் தீர்ந்துவிடுகிறது, மிக்ஸியில் பணம் மிச்சம். சேர்த்தால் பணம் தானாக மாறாதா? (கோவை வாசகர்)

பதில்: மாறாது. போர்ட்ஃபோலியோ ஏலத் தொகையை மட்டும்தான் தொடும், ஒவ்வொரு கேம்பெயினின் பட்ஜெட்டும் அதனதன் பையிலேயே இருக்கும். பணமும் சேர்ந்து ஓட வேண்டுமென்றால் ஷேர்ட் பட்ஜெட் என்று தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது, அதை நீங்கள்தான் உருவாக்கி இரண்டு கேம்பெயினையும் அதில் இணைக்க வேண்டும். இரண்டின் லாபமும் பக்கம் பக்கமாக இருந்தால் செய்யுங்கள். பட்ஜெட் கழுத்தை நெரிக்கும்போது இலக்கு எவ்வளவு நல்ல இலக்காக இருந்தாலும் பயனில்லை. ஒரே நாளில் நீங்கள் போட்டதைவிட அதிகமாகச் செலவாகியிருப்பதைப் பார்த்து பயந்துவிடவும் வேண்டாம். ஒரு நாளில் இரண்டு மடங்கு வரை போகலாம், ஆனால் மாதத்துக்கு தினசரி பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டி உங்களிடம் வசூலிக்க மாட்டார்கள்.

கேள்வி: போட்டித் தேர்வு பயிற்சி மையத்தில் வேலை பார்க்கிறேன். எல்லா கோர்ஸ் கேம்பெயினையும் சேர்த்தபின் விசாரணைப் படிவங்கள் இரண்டு மடங்காக வருகின்றன. சேர்க்கை மட்டும் கூடவில்லை. ஏஐ ஏமாற்றுகிறதா? (சென்னை வாசகி)

பதில்: ஏமாற்றவில்லை அம்மா, கேட்டதைக் கொடுக்கிறது. நீங்கள் படிவம் கேட்டீர்கள், படிவம் வந்தது. வங்கித் தேர்வுக்குப் படிவம் நிரப்புகிறவர்களும், சும்மா இலவசக் குறிப்பு பிடிஎஃப் கிடைக்கும் என்று நிரப்புகிறவர்களும் ஒரே கட்டில் இருக்கும்போது, எது மலிவோ அது பெருகும்.

செய்ய வேண்டியது இரண்டு. இலவசப் பதிவிறக்கத்தை இரண்டாம்நிலைக் (செகண்டரி) கன்வெர்ஷனாக மாற்றுங்கள், அப்போது அறிக்கையில் தெரியும், ஆனால் ஏலம் அதைத் துரத்தாது. அப்புறம், கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்களின் விவரத்தை கூகுளுக்குத் திருப்பி அனுப்புங்கள். க்ளிக்கின்போது வரும் ஜிக்ளிட் என்ற அடையாளத்தைப் படிவத்தோடு சேமித்து வைத்திருந்தால் இது நடக்கும். க்ளிக் நடந்து 90 நாளைத் தாண்டிவிட்டால் ஏற்றுக்கொள்ளாது, அதனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், வாரம் ஒரு தடவையாவது ஏற்றிவிடுங்கள். சேர்க்கை எண்ணிக்கை ரொம்பக் குறைவு என்றால், டெமோ வகுப்புக்கு நேரில் வந்தவர்களை அனுப்பலாம். அது நடுவாந்தரமான அடையாளம், ஆனால் வெறும் படிவத்தைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: என்னிடம் ஒரே கேம்பெயின்தான். போர்ட்ஃபோலியோ எனக்கு எதற்கு? (மதுரை வாசகர்)

பதில்: ஒரே காரணத்துக்காக வேண்டியிருக்கலாம். சாதாரண டார்கெட் சிபிஏவில் ஒரு க்ளிக்குக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் என்று வரம்பு போட முடியாது, போர்ட்ஃபோலியோவாக உருவாக்கினால் முடியும். ஒரு க்ளிக்குக்கு எக்கச்சக்கமாகப் போகிறது என்று வயிறு எரிகிறவர்கள் ஒரே ஒரு கேம்பெயினை வைத்துக்கொண்டு இப்படிச் செய்வதுண்டு. வரம்பை ரொம்ப இறுக்கினால் நல்ல ஏலங்களிலிருந்தும் விலகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: தள்ளுபடி நாட்களில் என் ஜவுளிக்கடை கேம்பெயினைக் கட்டிலிருந்து பிரித்துவிடலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: பிரித்தால் மறுபடி பழகும் காலம் தொடங்கும், அதற்குள் தள்ளுபடியே முடிந்துவிடும். சீசனாலிட்டி அட்ஜஸ்ட்மென்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, இந்த மூன்று நாளும் வாங்குகிறவர் விகிதம் இவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒன்று முதல் ஏழு நாள் வரையான விற்பனைக்குத்தான் அது சரி. ஆடித் தள்ளுபடி மாதம் முழுக்க ஓடும், அதற்கு இது வேண்டாம், இயந்திரம் தானே புரிந்துகொள்ளும். இலக்கை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள், அதையும் ஒரேயடியாகச் செய்யாமல். பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஒரே மூச்சில் நகர்த்துவது எனக்குப் பிடிக்காது.

கேள்வி: இப்படிக் கட்டாகக் கட்டும் யோசனை கூகுளுடையதா? (பெங்களூரு வாசகர்)

பதில்: இல்லை, பங்குச் சந்தைப் பக்கமிருந்து வந்தது. ஒவ்வொரு பங்கையும் தனியாகப் பார்க்காமல் மொத்தத் தொகுப்பின் லாபத்தையும் அபாயத்தையும் பார்க்க வேண்டும் என்று 1952இல் ஹாரி மார்கோவிட்ஸ் எழுதினார், 1990இல் பொருளாதார நோபல் பெற்றார். அதையே தேடல் விளம்பரச் சொற்களுக்குப் பொருத்தி 2000களில் எஃபிஷியன்ட் ஃபிரான்டியர் என்ற அமெரிக்க நிறுவனம் தொழில் நடத்தியது. அதை வாங்குவதாக 2011 நவம்பரில் அடோபி அறிவித்தது. அடோபியின் விளம்பர மென்பொருளில் இன்றும் போர்ட்ஃபோலியோ உண்டு.

கேள்வி: ஃபேஸ்புக்கிலும் இதே கதைதானா? (சேலம் வாசகி)

பதில்: அங்கே கொஞ்சம் வேறு. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் ஒரு கேம்பெயினுக்குள் இருக்கும் ஆட் செட்களுக்கு (விளம்பரங்களின் உட்குழுக்களுக்கு) நடுவே பட்ஜெட்டையே அது நகர்த்தும், அட்வான்டேஜ் கேம்பெயின் பட்ஜெட் என்று பெயர். லேர்னிங் கட்டம், அதாவது அது பழகும் காலம், தாண்ட ஒவ்வொரு ஆட் செட்டுக்கும் ஒரு வாரத்தில் சுமார் 50 கன்வெர்ஷன் வேண்டும், நடுவில் பெரிய மாற்றம் செய்தால் எண்ணிக்கை முதலிலிருந்து. வாரம் 50 ஆர்டர் வரும் கணக்கில் ஐந்து ஆட் செட் வைத்தால் ஐந்தும் அரைகுறையாகவே நிற்கும். இங்கே எண்ணிக்கையைக் குறைத்து ஒன்றாக்குவதுதான் நல்லது. புது விளம்பரப் படத்துக்கு நியாயமான வாய்ப்பு கிடைக்க வேண்டுமென்றால் மட்டும் அதற்குத் தனி ஆட் செட், தனி பட்ஜெட் கொடுத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் பழைய படமே எல்லாப் பணத்தையும் இழுத்துக்கொள்ளும்.